அடுத்தவர் நிரையில் இரண்டு வரிகள்

எங்கள் குடும்பத்தில் வேலை தேடிப் போனவர் எவரும் இல்லை. வேலைதான் எங்களைத் தேடிக் கடல் தாண்டி வந்தது. கப்பலில் ஏற்றி, மலையில் இறக்கி, கையில் கூடையைக் கொடுத்தது. அதன் பிறகு நாலு தலைமுறையாக ஒவ்வொரு காலையும் கதவைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாம் தலைமுறையில் வந்த நான் ஒருவன்தான், சம்பளமே இல்லாத ஒரு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதியவன். முதலில் அதிலும் தேறவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. புத்தாயிரம் பிறந்து, உலகம் அழியவில்லை என்று எல்லோருக்கும் உறுதியாகி, இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. ஹட்டன் டவுனில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சேர். அவரிடம் நான்கு கொம்பியூட்டர்களும் எட்டு விதிகளும் இருந்தன. கொம்பியூட்டர்களில் இரண்டு வேலை செய்யும். விதிகள் எட்டும் வேலை செய்யும்.

வீடு திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. லயம் என்கிற நீள வரிசையில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, முன்னால் ஒரு சாய்ப்பு, மேலே தகரம். அம்மா, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி, நான். அப்பா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதில் இருக்கிறவர்களில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். அந்த ஒருவர் அம்மா.

அந்த வருடம் ஜூலை மழையில், அம்மா கொழுந்துக் கூடையோடு வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஒரு தடியோடும், இனி மலை ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிய ஒரு துண்டோடும் திரும்பி வந்தார். துண்டைத் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கொடுத்தோம். இரண்டாம் நாள் கிளாக்கர் வாசலில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. குடையை மடக்காமலே பேசினார், அவ்வளவுதான்.

“அக்காவோட பேர வெட்டியாச்சு. அதுல ஒன்னும் செய்ய ஏலாது. ஆனா இந்தக் காம்பராவுல பேர் பதிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இல்லன்னு இப்பப் புத்தகம் சொல்லுது.”

“அண்ணன் டவுன்ல படிப்பிக்கிறாருங்க,” என்றாள் தங்கச்சி.

“டவுன்ல வேலை செஞ்சா டவுன்தான் காம்பரா குடுக்கணும், புள்ள.” அவர் என்னைப் பார்த்தார். “தீபாவளி வரைக்கும் தொரைகிட்ட சொல்லி நான் பாத்துக்கிறேன். அதுக்குள்ள அண்ணனோ தங்கச்சியோ, யாராவது ஒருத்தர் பேர் பதிங்க. இல்லாட்டி சாமான்களக் கட்டுங்க.”

இதில் புரியாதது எதுவும் இல்லை. நான் மறுநாளே போய்ப் பேர் பதிந்திருக்கலாம். அதைச் செய்யாததற்கு அன்று என்னிடம் பல காரணங்கள் இருந்தன. இன்று எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நான் புத்தகம் படிக்கிறவன். மண்வெட்டியோடு என்னை நானே கற்பனை செய்து பார்த்தேன்; அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. தங்கச்சியின் பெயரோ பேச்சுக்கே வரவில்லை. அடுத்த வருடம் அவளுக்குப் பரீட்சை. எங்கள் லயத்திலிருந்து அந்த வகுப்பு வரை போன முதல் பெண் அவள். புவியியல் கொப்பியில் அவள் வரைந்த ஆறுகளைப் பார்த்தால் தண்ணீர் ஓடும் போலிருக்கும்.

ஆகஸ்டில் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அது கிடைத்தால் மூன்று பேருக்கும் வாடகைக்கு இடம் எடுக்கலாம். தோட்டத்துக் காம்பராவைத் தோட்டமே வைத்துக்கொள்ளலாம். நேர்முகம் நடத்தியவர் என்னைவிட இளையவர், நித்திரை இல்லாத கண்கள். நான் எழுதிக் கொண்டுபோன நிரல்களைப் பொறுமையாகப் படித்தார்.

“டிகிரி இல்ல. கம்பெனி அனுபவமும் இல்ல. ஆனா எழுதியிருக்கிறது நல்லா இருக்கு,” என்றார். “நீங்க எழுதுற இந்தக் கொம்பியூட்டர் மொழிக்காரங்க உலகம் பூரா இருக்காங்க. சேர்ந்து ஓப்பன் சோர்ஸ்ல நிறைய வேலை செய்றாங்க. அதுல ஏதாவது ஒன்றில சேர்ந்து, நீங்க எழுதினத அவங்க எடுத்துக்கிட்டு, உங்க பேரையும் போட்டிருந்தா, கொண்டு வாங்க. என்னால மேல பேச முடியும். நவம்பர்ல ஒரு இடம் இருக்கு.”

ஓப்பன் சோர்ஸ் என்றால், உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்த மென்பொருள். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், முகம் பார்க்காதவர்கள் கூடிச் செய்வது. பஸ்ஸில் வரும்போது எனக்கு இது மிக எளிதாகத் தோன்றியது. வீட்டில் சொன்னேன்.

“சம்பளம் இல்லையா?” என்றார் அம்மா.

“இல்லம்மா.”

“தொரை யாரு?”

“தொரையும் இல்ல.”

அம்மா தடியைச் சுவரில் சாய்த்தார். “சம்பளமும் இல்ல, தொரையும் இல்ல. அப்படிப்பட்ட எடத்துலயும் ஒன்னைய சேப்பாங்களான்னா யோசிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க?”

ஹட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற அந்தக் கடையின் மூலையில் இன்டர்நெட் உள்ள ஒரு கொம்பியூட்டர். எனக்கு ஞாயிறு காலை மட்டுமே ஓய்வு. வேண்டிய பக்கங்களை இரண்டு பிளொப்பிகளில் இறக்கிக்கொண்டு போவேன். வாரத்தில் வகுப்பு கொம்பியூட்டரில் படிப்பேன். பதிலை அடுத்த ஞாயிறு அனுப்புவேன். உலகம் ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்கிறதை நான் ஒரு மாதத்தில் பேசினேன்.

அந்த மொழிக்காரர்களின் தளத்தில் நூற்றுக்கணக்கான வேலைத்திட்டங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் “வாருங்கள், சேருங்கள்” என்று எழுதியிருந்தது. எங்கே வந்து நிற்பது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. பெரியவற்றைப் பார்த்தால் பயமாக இருந்தது. சிறியவற்றில் பாதி செத்துப்போயிருந்தன. கடைசிச் செய்தி மூன்று வருடம் பழையது; நிர்வாகம் கைவிட்ட தோட்டம் மாதிரி, போர்டு மட்டும் நின்றது. ஒன்றில் இரண்டே பேர் இருந்தார்கள், இருவரும் ஒருவரையொருவர் ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பழக்கமான சூழலாகத்தான் இருந்தது. ஆனாலும் துணியவில்லை.

நாலு ஞாயிறு இப்படிப் போனது. பிறகுதான், தேடிய பொருள் கையிலேயே இருந்தது தெரிந்தது. வகுப்புப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பட்டியலாகப் போட நான் அதே மொழியில் எழுதி அந்தத் தளத்தில் வைத்திருந்த ஒரு சின்னத் திட்டத்தைத்தான் பாவித்து வந்தேன். கோப்பு ஒன்றில் உள்ள வரிகளைப் படித்து அட்டவணையாக்கித் தருவது அதன் வேலை. அதில் ஒரு கோளாறு. கோப்பின் கடைசி வரியைச் சில சமயம் விழுங்கிவிடும். பெயர்ப் பதிவேடான இடாப்பில் கடைசிப் பெயர்க்காரியான ஒரு பிள்ளை மூன்று பரீட்சையும் எழுதவில்லை என்று வந்து, அவளுடைய அம்மா மேல்மாடி ஏறி வந்து சேரோடு சண்டை பிடித்த பிறகு, நான் உள்ளே பார்த்து இரண்டு வரி சேர்த்துச் சரிசெய்திருந்தேன். அந்த இரண்டு வரியைக் கொடுத்தால் போதும்.

“சேர்றதெண்டால் முதல்ல முறையா விண்ணப்பிக்கவேணும், தம்பி,” என்றார் சேர்.

“அது கந்தோர் இல்ல, சேர்.”

“கந்தோர் இல்லாட்டி இன்னும் கவனமா எழுதவேணும். அங்க இருக்கிறவைக்கு உம்மைத் தெரியாது.”

எழுதினோம். நான் சொல்ல அவர் திருத்தினார். முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், பிறந்த திகதி, சமயம், கல்வித் தகைமை, நன்னடத்தைக்குச் சான்று பகரக்கூடிய உறவினரல்லாத இருவர். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கேட்டால் அனுப்பி வைப்பேன் என்றும், எந்தக் கடமையை ஒப்படைத்தாலும் மேலதிகாரிகள் திருப்தியுறும் வண்ணம் செய்வேன் என்றும் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். உலகம் முழுக்க நாற்பது ஐம்பது பேர் படிக்கும் அந்தக் குழுவின் மடலாடலுக்கு அது ஒரு ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தது. அந்த ஐம்பது பேரும் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது இப்போதும் முதுகு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு பதில் இருந்தது. யாரோ ஒருவர், சிரிக்காமல், ஒன்றரை வரியில் எழுதியிருந்தார். நல்வரவு, கேட்க வேண்டியதில்லை, கோளாறுப் பட்டியலில் பிடித்ததை எடுத்து, திருத்தத்தை இங்கே அனுப்பு.

கோளாறுப் பட்டியலைத் திறந்தேன். என்னுடைய கோளாறு அதிலே இருந்தது. பக்கத்தில், பொறுப்பேற்றவர் என்ற இடத்தில், ஒருவருடைய பெயரும் இருந்தது. பதினான்கு மாதமாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் மலையின் முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் கங்காணி ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிரை காட்டுவார். இந்தச் செடி வரிசை உனக்கு, அது அவளுக்கு. உன் நிரையில் நீ பறிக்க வேண்டும். அடுத்த நிரையில் கொழுந்து எவ்வளவு கொழித்துக் கிடந்தாலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த இடத்திலேயே வாய்ச்சண்டை, பின்னேரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அதன் தொடர்ச்சி. கவனக்குறைவாகக் கை பட்டுவிட்டால், பறித்ததை நிரைக்காரியின் கூடையில் போட்டுவிட்டுப் பேசாமல் வர வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடப் பழகியபோதே பழகியது. பெயர் எழுதிய அந்தப் பெட்டியைப் பார்த்ததும், கொம்பியூட்டர் படித்த என் மூளை ஒன்றும் பேசவில்லை. கை பின்னால் வந்துவிட்டது.

நிரைக்காரருக்கு அனுமதி கேட்டுத் தனியாக ஒரு மடல் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த ஞாயிறு, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொன்று. அதற்கும் இல்லை. அக்டோபர் பிறந்துவிட்டது. கிளாக்கர் ரோட்டில் கண்டால் ஒன்றும் கேட்பதில்லை. வானத்தைப் பார்த்து, “தீபாவளிக்கு மழைதான் போல,” என்பார்.

தங்கச்சிதான் கேட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து பாடசாலைக்குப் போடும் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன வரி?”

“ரெண்டு.”

“எழுதியாச்சா?”

“எப்பவோ.”

“அப்ப குடுக்க வேண்டியதுதானே அண்ணே.”

“வேற ஆளோட நிரை.”

“அந்தாளு ஒன்னேகால் வருஷமா மலைப்பக்கமே வரலன்னு நீங்கதானே சொன்னீங்க? கொழுந்து முத்தி எலையாப் போயிருக்கும்.”

“இருந்தாலும் அவர் பேர் இருக்கு.”

“கங்காணிகிட்ட கேளுங்க, மாத்தித் தருவாரு.”

“அங்க கங்காணி இல்ல.”

அவள் சப்பாத்தைக் கீழே வைத்தாள். “கங்காணி இல்லாத மலையில யாருக்கு அண்ணே பயப்படுறீங்க?”

உள்ளேயிருந்து அம்மா, “அவனுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு பயப்படுறான்,” என்றார்.

அவமானத்தில் அடுத்த ஞாயிறே அனுப்பிவிடத் தீர்மானித்தேன். அனுப்பவும் செய்தேன். ஆனால் குழுவுக்கு அல்ல. கை தவறிப் பறித்த கொழுந்து நிரைக்காரியின் கூடைக்குத்தானே போகும்? இரண்டு வரித் திருத்தத்தை அந்தப் பதினான்கு மாதத்து மனிதருக்கே தனியாக அனுப்பினேன். அது போதாதென்று, கடைசியில் இன்னொரு வாக்கியமும் சேர்த்தேன்: “இதில் என் பெயரைக் குறிப்பிட வேண்டிய அவசியமில்லை.”

கல்யாண வீட்டில் “எனக்குச் சாப்பாடு வேண்டாம்” என்கிறோமே, அந்த மாதிரி ஒரு வாக்கியம் அது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் நம்புவதில்லை. கையைப் பிடித்து இழுத்து இலைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். என் பெயர் வேண்டும் என்பதற்காகவே நான் அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருந்தேன். அதை நேராகக் கேட்பது மட்டும் வாயில் வரவில்லை.

தீபாவளி வந்தது. தோட்டத்தில் எல்லோரும் புது உடுப்புப் போட்டார்கள், மழையும் வந்தது. நான் அம்மாவிடம், இன்னும் ஒரு ஞாயிறு பார்க்கிறேன், அதற்குள் பதில் வராவிட்டால் நானே போய்ப் பேர் பதிகிறேன் என்றேன். இன்னும் ஒரு ஞாயிறு என்று அதற்கு முன்பும் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்தபோது தங்கச்சியைக் காணவில்லை. வெள்ளைச் சீருடை கொடியில் தொங்கியது. அம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் கூடையும் மூலையில் இல்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அவள் பின்னேரம் வந்தாள். இரண்டு கைவிரல்களும் கறுத்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்திருந்தாள்.

“யார் ஒன்னையப் போகச் சொன்னது?”

“யாரும் சொல்லல. கிளாக்கர் நேத்து வந்தாரு. நீங்க டவுன்ல இருந்தீங்க.”

“நான் பதியுறேன்னு சொன்னேனே.”

“நீங்க பதிஞ்சா செடி வெட்டுற கவ்வாத்துக்கு அனுப்புவாங்க. ரெண்டாம் நாள் காலுல கத்தியப் போட்டுக்கிட்டு வந்து படுப்பீங்க. அப்பறம் ஒங்களையும் சேத்து நானே பாக்கணும்.” பீலிக்குப் போக வாளியை எடுத்தாள். “ஏ.எல். பரீட்சை எங்கயும் ஓடிப்போகாது, அண்ணே.”

அந்தச் சீருடையை அவள் அதற்குப் பிறகு போடவில்லை.

அந்த ஞாயிறுதான் பதில் வந்திருந்தது. நல்ல மனிதர். வேலை மாறி, குழந்தை பிறந்து, ஒரு வருடம் இந்தப் பக்கமே வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். திருத்தம் சரியாக இருக்கிறது, சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். புதிய பதிப்பின் குறிப்பைத் திறந்து பார்த்தேன். கடைசி வரி விழுங்கப்படும் கோளாறு நீக்கப்பட்டது என்று அவருடைய பெயரில் இருந்தது; அதன் கீழே, “திருத்தத்தை அனுப்பிய இலங்கைப் பயனர் ஒருவருக்கு நன்றி.” சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களோடு பழகி எனக்கு அனுபவம் இல்லை.

அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை அதே கடையிலிருந்து கொழும்புக்குக் கோல் எடுத்தேன். நேர்முகம் நடத்தியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த ஒருவர் நீங்கதான்னு நான் நம்புறேன்,” என்றார். “மேல இருக்கிறவங்களுக்குப் பேர் காட்டணும். அந்த நவம்பர் இடத்துக்கும் போன கிழமை ஆள் எடுத்தாச்சு. இன்னொன்று செய்ங்க, இந்த முறை பேரோட. பிறகு பார்ப்போம்.”

செய்தேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் குழுவுக்கே நேராக அனுப்பினேன், யார் பெயர் போட்டிருந்தாலும். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேறொரு இடத்தில், அந்தப் பெயர்களைக் காட்டி வேலையும் வாங்கினேன். கொழும்புக்கு எல்லோரும் போகலாம் என்றேன். அம்மா மலையை விட்டு வரமாட்டேன் என்றார். தங்கச்சியிடம், பாடசாலைக்குப் போகாமல் வெளிவாரியாகப் பரீட்சை எழுதலாமே என்றேன். படித்ததெல்லாம் மறந்துபோச்சு என்று சிரித்தாள். தெரிவு செய்யச் சொல்லி நான் கேட்டபோது, தெரிவு செய்ய அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நவம்பரில் எனக்கு ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. மூன்று கிழமையாகப் பிள்ளை வரவில்லை என்று பாடசாலையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். பாதுகாவலர் நேரில் வர வேண்டும். நான் போனேன். அதிபர் ஒரு வெள்ளைத்தாளைத் தந்து, விலகுவதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார். விண்ணப்பம் எழுதுவதில் அந்த வருடம் எனக்கு நல்ல பயிற்சி. ஆனாலும் முதல் வரிக்கே வெகுநேரம் பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் “குடும்ப நிலை காரணமாக” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துவிட்டு இடாப்பைத் திறந்தார். சிவப்பு மையால் கோடு போடப் போனவர் நிறுத்தினார்.

“கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்த தவணைக்காவது திரும்பி வருவாதானே?”

“வருவா, சேர்,” என்றேன்.

கோட்டைப் போடாமல், பெயருக்கு எதிரே பென்சிலால் ‘அடுத்த தவணை’ என்று எழுதிக்கொண்டார்.